அகப்பையின் தயக்கம்

என் மெஸ்ஸில் ஒரு சட்டம் உண்டு. இடது கையால் தட்டை நீட்டினால் கரண்டி சாயாது. கேப்டனாக இருந்தாலும் சரி, வெளிநாட்டு ஆய்வாளராக இருந்தாலும் சரி, வலது கையில் ஏந்தி நீட்டினால்தான் சோறு. முப்பத்தோரு வருஷம், ஏழு கப்பல், ஒரு நாள்கூட நான் இதைத் தளர்த்தியதில்லை. யாரும் பட்டினி கிடக்கவில்லை. இரண்டாம் நாளே கையை மாற்றிக்கொண்டு விடுவார்கள். எனக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. அந்தப் பெருமை போன கதையைத்தான் சொல்ல வருகிறேன்.

நான் ராஜகோபால், மன்னார்குடிக்காரன். சமையல்காரனுக்கு நம் பக்கத்தில் மாஸ்டர் என்றுதானே பெயர், அதனால் கடலிலும் நான் மாஸ்டர்தான். இப்போது இருப்பது காரைக்காலுக்குக் கிழக்கே பதினெட்டு மைல் தள்ளி, நடுக்கடலில் கட்டிப்போட்ட ஒரு மிதவை முனையத்தில். பெரிய கப்பல் மாதிரி இருக்கும், ஆனால் எங்கேயும் போகாது. தூரதேசத்திலிருந்து கப்பல்கள் எரிவாயுவைக் கொண்டுவரும். வாயுவாக இல்லை, தண்ணீராக. பூஜ்யத்துக்குக் கீழே நூற்று அறுபத்திரண்டு டிகிரி வரை குளிரவைத்தால் அறுநூறு பானை வாயு ஒரே பானைத் தண்ணீராக அடங்கிவிடுமாம். அதை நாங்கள் வாங்கி, சூடேற்றி, மறுபடி வாயுவாக்கி, கடலடிக் குழாய் வழியாகக் கரைக்கு அனுப்புகிறோம். இத்தனை எரிவாயுவின் மேல் உட்கார்ந்துகொண்டு நான் கரண்ட் அடுப்பில்தான் சமைக்கிறேன். மிதவையில் ஒரு தீக்குச்சிகூடக் கிடையாது.

வாங்குவதில்தான் வில்லங்கம். துறைமுகத்தில் என்றால் ஒரு பக்கம் கரை அசையாமல் நிற்கும். இங்கே வருகிற கப்பலும் ஆடும், எங்கள் மிதவையும் ஆடும். இரண்டும் ஒரே தாளத்தில் ஆடாது. நடுவே ஒரு நீண்ட இரும்புக் கை, ஏழு மூட்டு, இங்கிருந்து நீண்டு அந்தக் கப்பலின் குழாய் வாயைப் பிடித்துக்கொண்டு, இரண்டு ஆட்டத்துக்கும் நடுவில் சிந்தாமல் ஊற்றிக்கொள்ள வேண்டும். காகிதத்தில் அதற்கு ஏதோ ஒரு எண். நான்தான் அகப்பை என்று பெயர் வைத்தேன். மொண்டு ஊற்றுவதுதானே அதன் பிழைப்பு? ஒரே வாரத்தில் மிதவை முழுக்க அந்தப் பெயர் பரவிவிட்டது.

ஒருத்தி மட்டும் அப்படிச் சொல்ல மாட்டாள். அதை இயக்குகிறவள். என் மகள் செங்கமலம்.

மகள் வேலை பார்க்கிற இடத்தில் அப்பன் சமையல்காரனாக வந்து சேர்ந்தது தற்செயல் என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். ஒரு ஆள் நம்ப வேண்டுமே! "எங்கப்பா என் டிபன் பாக்ஸ் பின்னாடியே நீந்தி வந்துட்டாரு" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். சிரிக்கட்டும். நான் பாதி வாழ்க்கையைக் கடலில் கழித்துவிட்டு, வருஷத்துக்கு இரண்டு மாத லீவில் அவளை வளர்த்தவன். மிச்சப் பத்து மாதத்தையும் ஈடுகட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை இருக்காதா?

வந்த புதிதில் செலஸ்டினிடம் கேட்டேன். செலஸ்டின் அகப்பையின் மூளையைக் கவனிக்கிற இன்ஜினியர், தூத்துக்குடிப் பையன், ரசத்தில் பூண்டு கூடினால் கண்டுபிடிக்கிற நாக்கு.

"ஏன் தம்பி, இவ்வளவு பெரிய மெஷினுக்கு எம்பொண்ணு கை எதுக்கு?"

"டவுன் பஸ்ல கம்பியப் பிடிக்காம நிக்கிற ஆளப் பாத்திருக்கீங்களா மாஸ்டர்? டிரைவர் பிரேக் அடிக்கதுக்கு முன்னாடியே அவன் ஒடம்பு சாஞ்சுக்கும். எப்படின்னு கேட்டா அவனுக்கே தெரியாது. கம்ப்யூட்டர் அலை வந்த பொறவுதான் கணக்குப் போடும். அதுக்குள்ள ரெண்டு கப்பலும் ஆளுக்கொரு பக்கம் போயிரும். அதான் ஒரு மனுஷக் கையோட பழக்கத்த அப்படியே எடுத்து இதுக்குள்ள வச்சிருக்கோம்."

"எடுத்துன்னா?"

"கையில ஒறை மாட்டி விடுவோம். நரம்பு துடிக்கிறத அது படிச்சுக்கிடும். நூத்தி நாப்பது பேர ஆடுற மேடையில நிக்கவச்சு, கையில தளும்பத் தளும்பத் தண்ணியக் குடுத்துப் பாத்தோம். செங்கமலம் ஒருத்திதான் சிந்தாம நின்னாங்க. ரெண்டு கையும் ஒரே வேகம். அப்படி ஒரு கை லேசுல கிடைக்காது."

"சமையக்காரன் மகளாச்சேப்பா" என்றேன், மீசையைத் தடவிக்கொண்டு.

"ஆனா நீங்க ஊத்துனா மட்டும் சட்டைக்கும் பங்கு வருதே மாஸ்டர்" என்றான் படுவா.

அது உண்மைதான். கப்பல் கொஞ்சம் சாய்ந்தாலும் என் கரண்டி நாலு சொட்டாவது வெளியே போடும். முப்பத்தோரு வருஷமாகியும் அது மட்டும் எனக்குக் கைவரவில்லை.

புரட்டாசிக் கடைசியில் தலைவலி ஆரம்பித்தது. அகப்பை எல்லாவற்றையும் சரியாகச் செய்தது, ஒன்றைத் தவிர. அவசரமாகக் கையை விடு என்றால் விடத் தயங்கியது. முனையத் தலைமை அதிகாரி நஸீமா மேடம் டீ குடிக்கும்போது எனக்கும் புரிகிற மாதிரி சொன்னார்கள். நாகூர்க்காரர், கோபம் வந்தாலும் குரல் உயராது.

"கயிறு அறுந்தாலோ கப்பல் நகந்தாலோ, அந்த நிமிஷமே ரெண்டு பக்கமும் அடச்சுக்கிட்டு மூட்டு கழண்டு கை பின்னாடி வந்துடணும் மாஸ்டர். நம்ம கை என்ன பண்ணுது? ஒரு சாண் பின்னாடி இழுக்குது. திரும்பவும் பழைய எடத்துக்கே போவுது. அதுக்கப்புறம்தான் விடுது. பத்துல நாலு பங்கு செகண்டு வீணாவுது."

"இமைக்கிற நேரம்தானே மேடம்?"

"ஐப்பசி அலையில அந்த நேரத்துக்குள்ள கப்பல் ஒரு முழம் ஏறிடும். கை போய் இடிக்கும். குழாய் பிஞ்சு அந்தக் குளிரு மேல்தளத்துல கொட்டுனா இரும்புத் தகடு அப்பளமா நொறுங்கிடும். அம்பத்திரண்டு பேரு இருக்கோம் இங்க."

ஐப்பசி பன்னிரண்டாம் தேதி இறுதிச் சோதனை. உண்மையான கப்பல், உண்மையான சரக்கு. அதற்குள் தயக்கம் தீராவிட்டால் செங்கமலத்தின் பழக்கத்தை மொத்தமாக அழித்துவிட்டு, வேறு தேசத்தில் யாரோ ஒருவருடைய கையை உள்ளே வைப்பார்கள். அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு கரைக்குப் போக வேண்டியதுதான். ஒரு வருஷமாக அந்த ஆடுகிற மேடையில் நின்று நின்று காலில் நரம்பு புடைத்துக்கொண்டு கிடக்கிறது அவளுக்கு. அது அத்தனையும் போகும்.

"நான் சரியாத்தான் விடுறேன்ப்பா. எங்க பிசகுதுன்னு எனக்கே புரியல" என்றாள். தட்டில் சோறு அப்படியே இருந்தது. சமையல்காரனுக்கு மகள் சாப்பிடாமல் எழுந்து போவதைப் பார்ப்பதைவிடப் பெரிய தண்டனை வேறு இல்லை.

ஐப்பசி மூன்றாம் தேதி மத்தியானம். செலஸ்டின் வலது கையில் ஒரு கணினிப் பலகையை வைத்து முறைத்துக்கொண்டே வரிசையில் வந்தான். அதில் அகப்பையின் தயக்கம் கோடு கோடாக ஓடிக்கொண்டிருந்தது. கவனம் பூராவும் அதில். தட்டை இடது கையால் நீட்டினான்.

நான் கரண்டியை நிறுத்திக்கொண்டு அவன் முகத்தைப் பார்த்தேன்.

சட்டென்று நீட்டிய கையை இழுத்துக்கொண்டான். பலகையைக் கக்கத்தில் இடுக்கி, தட்டை வலது கைக்கு மாற்றி நீட்டினான். அதே நேரம் மிதவை ஒரு சாய்வு சாய்ந்தது. ரசப் பாத்திரத்தின் மூடி நழுவியது. வலது கையில் கரண்டி இருந்ததால் மற்றக் கை பாய்ந்து அந்தரத்திலேயே மூடியைப் பிடித்துவிட்டது. "பலே மாஸ்டர்!" என்று வரிசையில் யாரோ கத்தினார்கள். நான் கரண்டியைப் பாத்திரத்தில் விட்டு, மூடியை வலது கைக்கு மாற்றி வைத்துவிட்டு, சாம்பாரை ஊற்றினேன். வழக்கம்போல நாலு சொட்டு அவன் சட்டையில்.

செலஸ்டின் சட்டையைப் பார்க்கவில்லை. தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"மாஸ்டர், இன்னொரு தடவ பண்ணுங்க."

"என்னத்த?"

"மொறச்சீங்கள்ல, அத." பலகையில் எதையோ தட்டிவிட்டு, மறுபடி இடது கையால் தட்டை நீட்டினான். நான் முறைத்தேன். அதற்கென்ன, அது எனக்குத் தானாகவே வரும். அவன் கை பின்னால் போனது, நின்றது, வலது கை வந்தது. பலகையைப் பார்த்தான். "ஏ எம்மா! இதான்! இதேதான்!" என்று தட்டை என் கையில் திணித்துவிட்டு ஓடினான். சோறு ஆறிப்போனது.

மூன்று மணிக்குத் திரும்பி வந்தான். மெஸ்ஸில் நான் மட்டும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"மாஸ்டர், ஒண்ணு கேக்கேன், கோவப்படப்பிடாது. செங்கமலத்துக்குப் பொறந்ததுலேந்தே எடது கைதானா?"

என் கத்தி நின்றுவிட்டது.

ஆமாம். இடது கைதான். அவளுக்கு நாலு வயது. நான் லீவில் வந்திருந்தேன். கோயிலில் அர்ச்சனைத் தட்டை இடது கையால் நீட்டினாள். பக்கத்தில் நின்ற சொந்தக்காரி ஒருத்தி உச்சுக்கொட்டினாள். எனக்கு மானம் போய்விட்டது. அன்று ராத்திரிச் சாப்பாட்டிலிருந்து, என் துண்டால் அவள் இடது கையை இடுப்போடு சேர்த்துக் கட்டினேன். அவிழ்த்த பிறகும் அந்தக் கை முந்திக்கொண்டு வந்தால், அகப்பைக் காம்பால் மணிக்கட்டில் ஒரு தட்டு. லேசாகத்தான். ஒரு தடவைகூட அவள் அழவில்லை, அதனால் வலிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு மாதத்தில் பழக்கிவிட்டு, வெற்றியோடு கப்பலேறினேன்.

ஒரு நாள் மட்டும் கேட்டாள். "சாப்பிடும்போது தண்ணி மட்டும் ஏன்ப்பா இந்தக் கையால குடிக்கலாம்?" என் மனைவி வைதேகி சிரித்துவிட்டு, "புள்ள கேக்குதுல்ல, பதில் சொல்லுங்க" என்றாள். பதில் இல்லாத கோபத்தில் இன்னொரு தட்டு தட்டினேன். இருபத்து மூன்று வருஷம் கழித்து, உரித்த வெங்காயத்தை வைத்துக்கொண்டு இதையெல்லாம் செலஸ்டினிடம் சொன்னேன்.

அவன் பலகையைத் திருப்பிக் காட்டினான்.

"அலையோட போறதுல தயக்கமே இல்ல மாஸ்டர். வாங்குறதுல, பிடிச்சிக்கிடுறதுல ஒண்ணுமே இல்ல. குடுக்கும்போதும் விடும்போதும் மட்டுந்தான். எடது கை முந்துது. தப்புன்னு பின்னாடி போகுது. பொறவு வலது கை வருது. நிதானமா இருக்கும்போது அவங்க அத மறச்சிருதாங்க. அவசரத்துல மறைக்க முடியல. மெஷின் அதையும் சேத்துப் படிச்சிட்டு."

"எல்லா நாளும் இப்படியா?"

"அதான் கேக்க வந்தேன். மொத எட்டு மாசம் தயக்கம் பத்துல ரெண்டு பங்குதான். திடீர்னு ஒரு நாள்லேந்து நாலு ஆகிட்டு. இது என்ன தேதி மாஸ்டர்?"

ஆனி மூன்றாம் தேதி. நான் டிபன் பாக்ஸ் பின்னாலேயே நீந்தி வந்து மிதவையில் ஏறிய நாள். ஆடுகிற மேடை இருக்கும் அறைக்கும் என் மெஸ்ஸுக்கும் நடுவே ஒரு கண்ணாடிக் கதவுதான்.

"இன்னொண்ணும் சொல்லிருதேன்" என்றான். "சோதனையில தேறிட்டா இதே பழக்கத்த இன்னும் ஒம்பது முனையத்துக்குப் பிரதி எடுப்பாங்க. மொசாம்பிக், நார்வே, எங்கெல்லாமோ."

ஒன்பது கடலில் ஒன்பது இரும்புக் கைகள், என் அகப்பைக் காம்புக்குப் பயந்து ஒரு சாண் பின்னால் இழுப்பதை நினைத்துப் பார்த்தேன். வெங்காயத்தின் மேல் பழி போட்டுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

நான் கரைக்குப் போய்விடுகிறேன் என்று செலஸ்டினிடம் சொல்லிவிட்டு, நேராக நஸீமா மேடத்திடம் போனேன். நாளைக் காலைப் படகில் கரைக்குப் போகிறேன், வேறு மாஸ்டரை ஏற்பாடு செய்யுங்கள் என்றேன். அவர்கள் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. "மகள்ட்ட சொல்லிட்டீங்களா?" என்றார்கள். இல்லை என்றேன். "சொல்லிட்டு வாங்க, அப்புறம் கையெழுத்துப் போடுறேன்."

சொல்லவே வேண்டியிருக்கவில்லை. நான் அடுக்களைக்குத் திரும்பியபோது செங்கமலம் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்திருந்தாள். செலஸ்டின் எல்லாவற்றையும் சொல்லியிருந்தான்.

"ஓடப் போறீங்களாமே?"

"நான் இல்லாட்டி உன் கை ஒழுங்கா வேலை செய்யும் பாப்பா. கோடு போட்டுக் காட்டிட்டான் தம்பி."

"நீங்க வர்றதுக்கு முன்னாடியும் ரெண்டு பங்கு தயக்கம் இருந்துச்சுல்ல? அது எந்தப் படகுல போவும்?" கண் சிவந்திருந்தது. அழுதிருக்கிறாள் என்று தெரிந்தது. "நான் ஏன் அதை அகப்பைன்னு கூப்பிடறதில்லன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?"

பெயர் வைத்தபோது எல்லோரும் கைதட்டினார்கள், அவள் மட்டும் எழுந்து போனாள். வேலை இருக்கிறது போல என்று நினைத்தேன்.

"தப்பு பண்ணிட்டேம்மா" என்றேன். "லேசாத்தான் தட்டினேன்னு இத்தனை வருஷமா எனக்கு நானே சொல்லிக்கிட்டிருந்தேன். லேசா இல்ல."

"லேசாத்தான்ப்பா தட்டினீங்க" என்றாள் அவள். "ஆனா வருஷத்துக்கு ரெண்டு மாசந்தான் வருவீங்க. அந்த ரெண்டு மாசமும் உங்களுக்குப் பிடிச்ச மாதிரி இருக்கணும்னு எனக்கு ஆசை. அதான் அந்தக் கையை ஒளிச்சு வச்சேன்."

அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவளே சொன்னாள்.

"கரைக்கெல்லாம் போகக் கூடாது. இந்தக் கை உங்களைப் பார்த்துத்தான் பயந்துச்சு. உங்களைப் பார்த்துத்தான் தெளியணும். ஒன்பது நாள் இருக்கு. நான் இடது கையால கொடுப்பேன். நீங்க வாங்கணும்."

"அவ்வளவுதானா? ரெண்டு நிமிஷ வேலை!"

அட, அது ரெண்டு நிமிஷ வேலையா! ஆடுகிற மேடையின் ஒரு முனையில் அவள், மறுமுனையில் நான். அவள் கையில் உறை. செலஸ்டின் எனக்கும் ஒரு உறையை மாட்டிவிட்டான். "ஒங்க அசைவக் கழிச்சாத்தான் அவங்க கை தனியாத் தெரியும்" என்றான். தளும்பத் தளும்ப டீ. அவள் இடது கையால் நீட்டுவாள், நான் வாங்க வேண்டும்.

முதல் டம்ளர் என் வேட்டியில். இரண்டாவது அவள் காலில்.

"அப்பா, உங்க மூஞ்சி!"

"மூஞ்சிக்கு என்ன?"

"புளியைக் கடிச்ச மாதிரி வச்சிருக்கீங்க. என் கை அதைப் பாத்துட்டு உள்ள ஓடுது."

ஆக, என் மூஞ்சிக்குத்தான் முதலில் பயிற்சி. முப்பத்தோரு வருஷச் சட்டம், சொன்னவுடனே இறங்கிப் போய்விடுமா? மனதில் தப்பே இல்லை என்று உறுதியாக நினைத்துக்கொண்டு நிற்பேன். அந்தக் கை வந்ததும் புருவம் தானாகச் சுருங்கும். இடது கையைப் பார்க்காதீர்கள், என் கண்ணைப் பாருங்கள் என்றாள். பார்த்தேன். நாலு வயதுக் கண்கள் அப்படியேதான் இருந்தன. அதைப் பார்த்துக்கொண்டு எப்படி முறைப்பது?

ஒரு நாளைக்கு முன்னூறு டம்ளர். நாலாம் நாள் தயக்கம் மூன்று பங்காகியது. ஆறாம் நாள் ஒன்றரை. ஏழாம் நாள் மேடையைப் பேயாட்டம் ஆட வைத்தார்கள். அவள் சிரித்துக்கொண்டே எனக்கு ஒரு டம்ளரை இடது கையால் நீட்டினாள். நான் கூப்பிடாமலே என் இடது கை போய் அதை வாங்கிக்கொண்டது. இரண்டு பேரும் திகைத்துப் போனோம். செலஸ்டின் பலகையைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தான், பிறகு மூடிக்கொண்டான். எட்டாம் நாள் கோடு நேராகிவிட்டது.

பன்னிரண்டாம் தேதி காலை கடல் நன்றாகவே கிளர்ந்திருந்தது. கப்பல் வந்து பக்கத்தில் அணைந்து நின்றது. மேல்தளத்தில் குளிர் கொட்டினால் தகடு வெடிக்காமல் இருக்க, கப்பலின் பக்கவாட்டில் கடல்நீரைத் திரை மாதிரி வழியவிட்டார்கள். அகப்பை நீண்டுபோய்க் குழாய் வாயைப் பிடித்துக்கொண்டது. நான் மெஸ் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றேன். அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது.

திட்டப்படி நாலாம் மணி நேரத்தில் ஒரு போலி அவசரம். ஆனால் மூன்றாம் மணி நேரத்திலேயே உண்மையான அவசரம் வந்துவிட்டது. பீரங்கி மாதிரி ஒரு சத்தம். கப்பலின் முன்கட்டுக் கயிறு அறுந்து காற்றில் வீசியது. கப்பலின் மூக்கு எங்களை விட்டு விலகத் தொடங்கியது, அதே நேரம் ஓர் அலை அதைத் தூக்கியது. எனக்கு வாயில் பெருமாள் பெயர்கூட வரவில்லை.

அகப்பை விட்டது. ஒரு சாண் இழுப்பு இல்லை, திரும்பப் போகவில்லை. நீட்டிய கைக்குள் தட்டை வைத்துவிட்டு வருகிற மாதிரி, அழகாக விட்டுவிட்டுப் பின்னால் வந்தது. ஒரு குடம்கூட இருக்காது, கொஞ்சம் குளிர் நீர்த் திரையில் விழுந்து வெண்புகையாகப் போனது. கப்பல் அகப்பை இருந்த இடத்தை உரசிக்கொண்டு மேலே ஏறியது. பத்தில் நாலு பங்கு செகண்டு தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது எனக்கே தெரிந்தது.

அரை மணி நேரம் கழித்து நஸீமா மேடத்தின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. எல்லோரும் பத்திரம், ஆய்வாளர் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்றார்கள். அந்தக் குரல் முதல் தடவையாக உயர்ந்திருந்தது. நான் அடுப்பை அணைத்துவிட்டு, அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதேன். வெட்கமெல்லாம் இல்லை.

மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால் செலஸ்டின் ஒரு காகிதத்தோடு வந்தான்.

"மாஸ்டர், அன்னிக்கே சொல்ல நெனச்சேன். சோதனை முடியட்டும்னு இருந்துட்டேன். இது செங்கமலத்தோட கோடு இல்ல. ஒங்க ஒறையோடது."

அதிலும் அதே வளைவுகள். முந்துவது, பின்னால் போவது, பிறகு வருவது. ஆனால் இன்னும் நீளமாக.

"பத்துல ஏழு பங்கு" என்றான். "நீங்களும் எடது கைதான் மாஸ்டர். அன்னிக்கு ரச மூடியப் பிடிச்சது எந்தக் கைன்னு யோசிச்சுப் பாருங்க."

"போடா, யாருக்கிட்ட விடுற கதை!" என்று கத்தினேன். கத்திவிட்டு என் இடது மணிக்கட்டைப் பார்த்தேன். அதன் உள்பக்கம் அரிசி நீளத்துக்கு ஒரு பழைய சூட்டுத் தழும்பு உண்டு. சின்ன வயதில் அடுப்புப் பக்கம் போய்ச் சுட்டுக்கொண்டேன் என்று அம்மா சொல்வாள். அப்பா ஹோட்டலில் பந்தி பரிமாறியவர், இடது கை குறுக்கே வந்தால் எமன். எப்படிச் சுட்டது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். இனிமேல் கேட்டு என்ன செய்வது? அந்த மனுஷர் மேல் கோபமும் வந்தது, அவரையும் யார் எதில் தட்டினார்களோ என்று பாவமாகவும் இருந்தது.

மணி அடித்தது. வரிசை வந்தது. மிதவை இன்னும் ஆடிக்கொண்டுதான் இருந்தது. முதலில் நின்றவள் செங்கமலம். என்னை நேராகப் பார்த்துக்கொண்டு இடது கையால் தட்டை நீட்டினாள். வரிசையில் எல்லோரும் என் கரண்டியைப் பார்த்தார்கள்.

நான் கரண்டியை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொண்டேன். சாம்பாரை மொண்டேன். தளம் சாய்ந்தது, கையும் கூடவே சாய்ந்தது. சோற்றின் நட்ட நடுவில் விழுந்தது. ஒரு சொட்டு வெளியே இல்லை.

"அப்பா!" என்றாள், தட்டையும் என் கையையும் மாறி மாறிப் பார்த்து. "சிந்தலையே!"

"சட்டைக்குப் பங்கு இல்லியா மாஸ்டர்?" என்று பின்னாலிருந்து செலஸ்டின் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த ஆளுக்கு ஊற்றலாம் என்று பார்த்தால் அவள் நகரவே இல்லை. தட்டை இன்னும் நீட்டிக்கொண்டு நின்றாள், அதே கையால்.

"என்னம்மா?"

"காயே வரலப்பா. அகப்பையைக் கொஞ்சம் ஆழமா விட்டு எடுங்க" என்றாள்.